உன் பாட்டைச் சொல்லு

எங்கள் வீட்டுச் சாயங்கால ஜெபம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லட்டும். லிங்கராஜபுரத்துக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து நான் அதை விட்டதில்லை. லைட் போட்டதும் பாயை விரிப்பேன். ஜெபத்துக்கு முன்னால் அவரவர் பாட்டைச் சொல்ல வேண்டும். பாடு என்றால் அன்றைக்குப் பட்ட கஷ்டம். என்னுடையதுதான் எப்போதும் நீளம். முட்டி வலியில் தொடங்கி, சுகரைத் தொட்டு, தண்ணி லாரிக்காரனில் போய் நிற்கும்.

மகன் க்ளென் கட்டிக்கொண்டு வந்த வீணா, ஹாசன் பக்கத்துக் கன்னடக் கிறிஸ்தவப் பெண். வைட்ஃபீல்டில் வேலை. பஸ்ஸிலும் மெட்ரோவிலும் நசுங்கி வந்து, முகம் கழுவிக்கொண்டு பாயின் ஓரத்தில் உட்காருவாள். அவள் முறை வந்தால் "இன்னைக்கு வேண்டாம் அத்தை" என்று தலையைக் குனிந்துகொள்வாள். க்ளென் வேறு, ஆபீஸ் பக்கமே வீடு பார்த்தால் என்ன என்று இழுக்க ஆரம்பித்திருந்தான். நாங்கள் நாலு பேரும் சேர்ந்து உட்காருவதே அந்தப் பாயில்தான். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால், எதைக் காட்டி அவர்களை நிறுத்திவைப்பது? இந்தப் பாட்டை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு புதன்கிழமை நான் அவளை விடவில்லை.

"உன் பாட்டைச் சொல்லும்மா. மனசுலயே வச்சுக்கக் கூடாது."

அவள் துப்பட்டாவைச் சரிசெய்தாள். தொண்டையைக் கனைத்தாள். பாடிவிட்டாள். கன்னடத்தில், ஏதோ சண்டே ஸ்கூல் பாட்டு. விடிந்ததும் குருவி எழுந்து, தானியம் தந்த ஆண்டவருக்கு நன்றி சொல்கிறது. சிறகுக்குக் கையை வேறு அடித்துக் காட்டினாள். என் வீட்டுக்காரர் தொடையில் தாளம் போட்டார். க்ளென் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். எனக்கு வந்ததே கோபம். ஆமென் சொன்ன வாயோடு அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, ஜெபம் உனக்கு விளையாட்டாகப் போய்விட்டதா என்று கேட்டேன்.

அவள் மிரண்டுபோனாள். பாட்டு என்றால் கன்னடத்தில் ஹாடுதானே, நீங்கள்தானே கேட்டீர்கள் என்றாள். அப்படியானால் நாங்கள் இத்தனை நாளாகச் சொன்னது என்னவாம் என்றேன்.

"அதுவும் பாட்டுன்னுதான் நெனச்சேன் அத்தை. முட்டி வலி, சுகர், தண்ணி லாரி... ராகமே இல்ல. தமிழ்ல ஜெபப் பாட்டு இப்பிடித்தான் இருக்கும் போலன்னு இருந்துட்டேன். எனக்கு அப்பிடிப் பாட வராதேன்னுதான் வேண்டாம்னேன்."

சிங்க்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷமாக ராகமில்லாத என் ஒப்பாரியைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்த கர்த்தரை நினைத்தால் பாவமாக இருந்தது. பாடு என்றால் என்னவென்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் நீ பாடுவதை நிறுத்தாதே என்றேன்.

அதற்குப் பிறகு பாயில் இரண்டு பாட்டும் நடந்தது. முதலில் கஷ்டம், அப்புறம் குருவி. நானும் கன்னடத்தைக் கடித்துத் துப்பி அதைப் படித்துக்கொண்டேன். வீட்டுக்காரர் தன் ரத்தக்கொதிப்பைச் சொல்ல மறந்துவிட்டு, தாளம் போடத் தட்டைத் தேடினார். வீணா பாயின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்துவிட்டாள்.

போன வாரம் அவள் முறை வந்தபோது முகம் வாடிக் கிடந்தது. க்ளென் அவளைப் பார்க்காமல் பாயைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு எனக்கு நெஜமாவே ஒரு பாடு இருக்கு அத்தை. வைட்ஃபீல்டுல வீடு பாத்தாச்சு, அட்வான்ஸ் குடுத்துடலாமான்னு கேக்குறாரு. அங்க போனா சாயங்காலம் நான் யார்கூடப் பாடறது?"

நான் சொல்லாமல் வைத்திருந்த பாட்டை அவள் சொல்லிவிட்டாள். ஜெபத்தைத் தொடங்க வேண்டிய நான், அதை விட்டுவிட்டு, கைகளை விரித்துக் குருவிப் பாட்டைத் தொடங்கினேன். வீணா சேர்ந்துகொண்டாள். இரண்டாவது வரியில் க்ளெனும் சேர்ந்தான்.

பாடி முடித்ததும் அவன் எழுந்து வெளியே போனான். போனில் யாரிடமோ, வீடு வேண்டாம் சார் என்று சொல்வது கேட்டது. திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தான். அதற்கப்புறம்தான் ஆமென் சொன்னோம்.