சிவப்பாக இல்லாத காளான்

1.
இந்தக் கதை நானாக யோசித்ததல்ல. அண்ணி கேட்டார். அவர் மழலையர் பள்ளி ஆசிரியை. மழை விட்ட வாரங்களில் பிள்ளைகளைப் பள்ளிக்குப் பின்னாலுள்ள காட்டுக்கு அழைத்துப்போய்க் காளான் பறிக்கச் சொல்லித் தருவார். போவதற்கு முன் வகுப்பில் வாசிக்க ஒரு கதை வேண்டுமாம்.

"சின்னதா இருக்கட்டும் தம்பி. யாரும் சாகாம இருக்கட்டும்."

இரண்டாவது நிபந்தனையை நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டேன்.

2.
முதல் தொடக்கம்: "ஒரு காட்டில் சிவப்புத் தொப்பி போட்ட கெட்ட காளான் ஒன்று இருந்தது. அது தன் வெள்ளைப் புள்ளிகளைக் காட்டி

(மிச்சத்தை அடித்துவிட்டேன். காரணம் கீழே.)

எழுதிய கையோடு மகளுக்கு வாசித்துக் காட்டினேன். ஐந்து வயது. வீட்டில் 'வாலு' என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். சமர்த்தாகக் கேட்டாள், கொல்லைப்புறம் போனாள், பொம்மைத் தட்டில் ஒரு வெள்ளைக் காளானை வைத்துக்கொண்டு வந்தாள். கூடவே இரண்டு ஸ்பூன்.

"இது செகப்பு இல்லப்பா. நல்ல காளான்."

தட்டை வாங்கி அலமாரி மேல் வைத்தேன். அண்ணிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"வாயில வெச்சாளா?"

"இல்ல அண்ணி. முழுசா அப்படியே இருக்கு."

"அவகிட்டயும் கேளுங்க. வாயத் தொறந்து பாருங்க."

கேட்டேன், பார்த்தேன். (பால் பற்கள், பிஸ்கட் துணுக்கு. அவ்வளவுதான்.) கையைக் கழுவிவிடச் சொன்ன பிறகுதான் கதைக்கு வந்தார். "ஆளக் கொல்ற காளான் வெள்ளையாவும் இருக்கும் தம்பி. செகப்பு கெட்டதுன்னு சொன்னா, மத்ததெல்லாம் நல்லதுன்னுதானே பிள்ளை எடுத்துக்கும்?"

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களைக் கேலி செய்வோம். என் மகளை அப்படி நம்பவைத்தது என் கதை.

3.
இரண்டாவது வரைவில் நிறத்தின் பக்கமே போகவில்லை. ஒரு சிறுமி காளான் பறிக்கிறாள். வாயில் வைக்காமல் அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டுகிறாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்ல காளான்தான் கண்ணு" என்கிறார். எல்லோரும் சமைத்துச் சாப்

போனில் வாசித்துக் காட்டியபோது அண்ணி அங்கேயே நிறுத்தினார். "அந்த அப்பாவுக்கு எப்படித் தெரியும்?"

"அப்பா இல்லையா அண்ணி."

"எங்க பிள்ளைங்க ஒழுங்காக் கொண்டுபோய்க் காட்டிடுதுங்க. வீட்டுல இருக்கறவங்கதான் கடையில பாத்த மாதிரி இருக்குன்னு சட்டியில போட்டுடறாங்க."

[அண்ணி வருஷக்கணக்காகப் பறிப்பவர். ஒன்றில் சந்தேகம் வந்தாலும் கூடையோடு கொட்டிவிடுவார், பிள்ளைகள் அழுதாலும்.]

4.
ஆக, கதையில் வரும் அப்பா "தெரியாது" என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. எழுத உட்கார்ந்தால் வரமாட்டேன் என்கிறது.

அப்பா புத்தகத்தைப் புரட்டினார்.

அப்பாவுக்கு அந்த நேரம் பார்த்து ஒரு போன்

அப்பா புன்னகையோடு

எல்லாவற்றையும் அடித்தேன். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாது அந்த மனிதருக்கு. அவர் யார் என்று நீங்கள் எப்போதோ கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

5.
இந்த வரியை எழுதும்போதே வாலு வந்து நிற்கிறாள். கூடவே பக்கத்து வீட்டுத் தோழி. ஈரக் கையில் ஒரு பழுப்புக் காளான்.

"வாயில வெக்கலப்பா" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். பிறகு தோழியிடம், "எங்கப்பாவுக்கு எல்லாம் தெரியும், பாரேன்" என்றாள். பிறகு என்னிடம், "இது சாப்பிடலாமாப்பா?"

கடையில் வாங்குவது போலத்தான் இருக்கிறது. சொல்லப்போனால் அச்சு அசல் அதேதான்.

நான் எழுந்துகொள்கிறேன். இந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். ஓடிவிட மாட்டேன், பக்கத்திலேயே நிற்கிறேன், ஆனால் வாய் திறக்க மாட்டேன். கதையின் கடைசி வரி உங்களுடையது. தோழி உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாலு அவசரப்படுத்தவில்லை. நீங்கள் எதைச் சொன்னாலும் அவள் நம்பிவிடுவாள்.