பொன்ராஜுக்குப் பதிலாக இசக்கியம்மாள்

ஆள் வர முடியாவிட்டால் பதிலுக்கு ஆள் அனுப்புவது இசக்கியம்மாள் குடும்பத்தில் காலங்காலமாக நடப்பதுதான். கல்யாணத்துக்கு அண்ணன் போக முடியாதா, மொய்க் கவரோடு தம்பி போவான். துக்க வீட்டுக்கு மாமனார் போக முடியாதா, மாலையோடு மருமகன் போய் நிற்பான். தி.நகரில் பாத்திரக்கடை வைத்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் நேரில் போய்க்கொண்டிருந்தால் கடையை யார் பார்ப்பது? அதனால், "மனசு டாக்டர்கிட்ட எல்லாம் நான் வர மாட்டேன், எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று பொன்ராஜ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டபோது, அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு புருஷனுக்குப் பதிலாகத் தானே கிளம்பிவிட்டாள். அதில் என்ன தப்பு என்று இன்றைக்குக் கேட்டாலும் அவளிடம் நியாயம் இருக்கும்.

நடந்தது இதுதான். ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஓய்ந்த சமயம், ஒருநாள் காலையில் கடை ஷட்டரைத் தூக்கக் குனிந்த பொன்ராஜுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வேர்த்துக் கொட்டியது, மூச்சு முட்டியது. செத்தோம் என்றே நினைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை, இது பயம் செய்கிற வேலை என்று சொல்லி, ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் ஓர் உளவியல் ஆலோசகரின் விலாசத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். மனுஷன் அன்றைக்கு வீட்டுக்குள் வந்து படுத்தவர்தான். வாசற்படி தாண்டவில்லை. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். தெருமுனையில் நின்று பேசினாலும் கடைக்குள் கேட்கிற தொண்டை அவருக்கு. இப்போது தண்ணீர் கேட்பதுகூடக் காதில் விழுவதில்லை. கடை, வீடு இரண்டும் இசக்கியம்மாள் தலையில் விழுந்தன. இவர் இனி பழைய ஆளாக எழுந்திருக்கவே மாட்டாரோ என்ற ஒரே பயம்தான் அவளுக்கு. அதை வாய்விட்டுச் சொன்னால் பலித்துவிடும் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

ஆலோசகர் பெயர் ரூபீனா. நாற்பது வயதிருக்கும், நிதானமான குரல்.

"எங்க வீட்டுக்காரவியளுக்குத்தான் டாக்டரம்மா. தூங்க மாட்டேங்காவ. வெளிய வர மாட்டேங்காவ. என்ன செய்யணும்னு சொல்லுங்க, நான் போய்ச் சொல்லிக்கிடுதேன்."

"நான் டாக்டர் இல்லைங்க. அவரே வந்தா நல்லா இருக்குமே."

"வருவாவ, வருவாவ. நீங்க மொதல்ல வைத்தியத்தைச் சொல்லுங்க."

ரூபீனா பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு பொன்ராஜுக்கு வந்தது என்ன என்று விளக்கினார். அந்தப் பயம் அலை மாதிரி ஏறி, தானே இறங்கிவிடும், உயிரை எடுக்காது என்றார். வந்தால் அதோடு மல்லுக்கட்டாமல் மூச்சை மெதுவாக வெளியே விட்டு, கண்ணுக்கு முன்னால் இருப்பதை ஒவ்வொன்றாகப் பேர் சொல்ல வேண்டும். காலையில் கொஞ்சம் வெளியில் நடக்க வேண்டும், உட்கார்ந்து சாப்பிட வேண்டும், படுக்கைக்குப் போனை எடுத்துப் போகக் கூடாது. அடுத்த வாரம் வந்து எப்படிப் போயிற்று என்று சொல்லச் சொன்னார்.

இதற்கா ஒரு படிப்பு என்று இசக்கியம்மாளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இருந்தாலும் ஒன்று விடாமல் பொன்ராஜிடம் ஒப்பித்தாள். அவர் "சரி சரி" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மறுநாளும் அதே சரி, அதே சுவர். வாரம் முடியப் போகிறது. அங்கே போய் ஒன்றுமே செய்யவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாமல் போனதே இல்லை அவள். ஆகவே, அவர் நடக்க வேண்டிய நடையை அவளே நடந்தாள். விடிந்ததும் நடேசன் பூங்காவுக்குப் போய்ச் சுற்றினாள். பயம் வந்தால் செய்ய வேண்டியதைப் பயம் இல்லாமலே செய்து பார்த்தாள். போனைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டுப் படுத்தாள். வாரம் முடிந்ததும் ரூபீனாவிடம் போய், "அவிய நல்லா நடந்தாவ டாக்டரம்மா, பூங்காவுல காத்து நல்லா இருந்துச்சாம்" என்று கூசாமல் சொன்னாள்.

வேடிக்கை என்னவென்றால், அவளுக்குத் தூக்கம் வர ஆரம்பித்தது. ஒருநாள் உட்கார்ந்து சாப்பிட்டபோது, குழம்பில் உப்பு கரிப்பது நாக்குக்குத் தெரிந்தது. எத்தனை நாளாக இப்படிக் கரித்ததோ, நின்றுகொண்டே விழுங்கியவளுக்கு எங்கே தெரியும்?

குட்டு உடைந்தது அதற்கடுத்த முறை. அன்றைக்கு உற்சாகத்தில் வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது. "நேத்து வேகமா நடந்தாவளா, சேலைக் கொசுவம் கால்ல தடுக்கி விழப் பாத்தாவ."

ரூபீனா பேனாவைக் கீழே வைத்தார். "உங்க வீட்டுக்காரர் சேலையா கட்டுறார்?"

இசக்கியம்மாள் குனிந்து தன் சேலைக் கொசுவத்தைப் பார்த்தாள். பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ரூபீனாவும் சிரித்துவிட்டார். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ரூபீனாவுக்குச் சிரிப்பு நின்றது. இசக்கியம்மாளுக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

"உங்களை யாரு பாத்துக்கிறாங்க?" என்று ரூபீனா கேட்டார்.

"எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று ஆரம்பித்தவள், இத்தனை நாள் பொத்தி வைத்ததையெல்லாம் கொட்டிவிட்டாள். ஷட்டர் தூக்கும்போது தன் கையும் நடுங்குவதை, வாடிக்கைக்காரர் கேட்பது காதில் ஏறாமல் விழிப்பதை, புருஷன் பழைய ஆளாக எழுந்திருக்காமலே போய்விட்டால் என்ன செய்வேன் என்று தினமும் நினைப்பதை. சொன்னதில் எதுவும் இடிந்து விழவில்லை. நெஞ்சுக்குள் அடைத்திருந்த கல் ஒன்று நகர்ந்ததுபோல் மூச்சு வந்தது.

"அடுத்த வாரம் உங்களுக்காக வாங்க" என்றார் ரூபீனா. "அவரை அவரு பாத்துக்கட்டும். நீங்க உண்மையைச் சொல்லிடுங்க, போதும்."

வீட்டுக்குப் போனதும் கட்டிலோரம் நின்று சொன்னாள். "இத்தனை நாளும் நீங்க நடக்கியன்னு அங்க போய்ப் பொய் சொன்னேன். நடந்தது நான்தான். எனக்கும் மனசு சரியில்லைன்னுட்டாவ. அடுத்த வாரம் எனக்காகப் போணும்."

பொன்ராஜ் எழுந்து உட்கார்ந்தார். "உனக்கா? உனக்கு என்னளா?"

கை நடுக்கத்தையும் மற்றதையும் சொன்னாள்.

"ஒருநாளும் என்கிட்ட சொல்லலியே."

"நீங்க உங்க நாடியப் பிடிச்சுக்கிட்டு இருந்தீய. நான் எங்க வந்து சொல்ல?" சூடாகத்தான் கேட்டாள். கேட்டது தப்பில்லை என்றே அவளுக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் அவள் கிளம்பும்போது, பொன்ராஜ் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். முகம் வெளுத்திருந்தது. "சொகமில்லாதவளை ஒத்தையிலயா அனுப்ப முடியும்? நானும் வாரேன்." ஏதாவது பேசினால் திரும்பிப் படுத்துவிடுவாரோ என்று பயந்து, இசக்கியம்மாள் உடனே ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

ஆழ்வார்ப்பேட்டை சிக்னல் வரை ஒன்றுமில்லை. அங்கே வண்டிகள் நெருக்கி நின்றதும் பொன்ராஜ் அவள் கையை இறுக்கிப் பிடித்தார். "ஏளா, வந்துட்டு. மூச்சு முட்டுது. வண்டியத் திருப்பச் சொல்லு."

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "இன்னா நைனா, இப்டி வேர்க்குது? ஆஸ்பத்திரிக்கு வுடவா?"

"வேண்டாம் தம்பி. சிக்னல் தாண்டி ஓரமா நிறுத்துங்க." அவளுக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டதுதான். ஆனால் செய்ய வேண்டியது என்ன என்று கைக்கும் வாய்க்கும் தெரிந்திருந்தது. "சாக மாட்டீய. இது ஏறும், இறங்கிரும். மூச்ச மெதுவா வெளிய விடுங்க. என்கூட விடுங்க. முன்னால என்ன தெரியுது? சொல்லுங்க."

"கண்ணாடி." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "எலுமிச்சம்பழம். மீட்டரு."

"வெளிய பாருங்க."

"பூக்காரி. ஒரு நாய்."

"அந்தாண்ட எளநி வண்டி கீது பாரு நைனா" என்று ஆட்டோக்காரரும் சேர்ந்துகொண்டார். "அத்த வுட்டுட்டியே."

"எளநி வண்டி" என்றார் பொன்ராஜ். கொஞ்ச நேரத்தில் பிடி தளர்ந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். "போயிட்டுளா. தானா போயிட்டு."

"இப்ப இன்னா, திருப்பவா, நேரா போவவா?" என்றார் ஆட்டோக்காரர்.

நேரே போங்க என்று இசக்கியம்மாளின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கல்யாணமான நாளாக அவருக்குப் பதிலாக அவள் சொல்லாத பதில் உண்டா? அன்றைக்கு நாக்கைக் கடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது. அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

"நேரா போங்க தம்பி" என்றார் பொன்ராஜ்.

அங்கே முதலில் அவள் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தாள். "நீங்களும் கொஞ்சம் பேசணுமா சார்?" என்று ரூபீனா கேட்டதற்கு, இரண்டு வார்த்தைதான் என்று சொல்லி எழுந்து போனார் மனுஷன். கதவு சாத்திக்கொண்டது. கடையிலிருந்து போன் வந்தது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். அடுத்து வந்தவர் நாற்காலி தேடி உட்கார்ந்து, பத்திரிகையைப் புரட்டி முடித்துவிட்டார். உள்ளேயிருந்து பொன்ராஜின் குரல் மட்டும் ஓயவில்லை. வார்த்தை புரியவில்லை, அவள் காது கொடுக்கவும் இல்லை. ஆனால் கதவைத் தாண்டிக் கேட்டது அந்தத் தொண்டை.

வெளியே வந்தவர் கண்கள் சிவந்திருந்தன. "அடுத்த வாரம் எனக்கும் ஒரு நேரம் சொல்லியிருக்காவ. நானே வாரேன்னுட்டேன்."

படியிறங்கும்போது இசக்கியம்மாள் பாதியில் நின்றுவிட்டாள். அப்பாடா என்று படியிலேயே உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்றுகூடக் கவலைப்படாமல் ஒரு பாட்டம் அழுதாள். பொன்ராஜ் அவளை ஏனென்றும் கேட்கவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.