டபேதாரின் சிவப்பு பெல்ட்

1926 மே 14, வெள்ளிக்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு, ஆம்பூர் பயணியர் பங்களாவில், டபேதார் காசிநாதனின் வெள்ளைக் கோட்டில் முதல் சிவப்புப் புள்ளி தெரிந்தது.

அப்போது அவர் சப்-கலெக்டர் துரையின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பியூன்களுக்கெல்லாம் மேலான அந்த டபேதார் வேலை அவருக்கு ஒன்றரை வருடமாகத் தற்காலிகம்தான். நிரந்தரமா, மறுபடி பியூனா என்பதை முகாமின் கடைசி நாளான அன்று மாலை துரை எழுதுவதாக இருந்தது.

சர்க்கார் கொடுத்த சிவப்புத் தோல் பெல்ட் முந்தின வாரம்தான் அறுந்திருந்தது. புதிது கேட்டுச் சென்னைக்கு எழுதினால் வர மாதக்கணக்காகும். சர்க்கார் உடுப்பில் எதையும் வெளியே செய்துகொள்ளவும் விதி இடம் கொடுக்கவில்லை. பெல்ட் இல்லாமல் துரை முன்னால் நிற்கவும் முடியாது. காசிநாதன் ஆபீசுக்குத் தெரியாமல் கடைத்தெருவில் இருந்த அமீர் பாஷாவிடம் போனார். அமீர் பாஷா கல்யாணச் செருப்பு மட்டுமே செய்பவர்.

"பெல்ட்டும் தோல்தானே டபேதார்? நீட்டமா வெட்டினா ஆச்சு. சிவப்புன்னா ஊர்ல நம்மகிட்டதான்" என்றார் அவர்.

அது உண்மை. அவர் செருப்பைப் போட்ட மாப்பிள்ளை அதைக் கழற்றும்போது பாதம் சிவந்திருக்க வேண்டும். பெண் வீட்டார் குனிந்தே பார்ப்பார்கள். சிவக்காவிட்டால் பழைய செருப்பு என்று பேச்சு வரும். ஆகவே அமீர் பாஷா மேல்பக்கத்தில் மெழுகு தேய்த்துச் சாயம் கசியாமல் நிறுத்துவார். உடம்பில் படும் பக்கத்தில் நிறுத்த மாட்டார். இருபது வருடப் பழக்கம். பெல்ட்டுக்கும் அப்படியே செய்தார். டபேதார் தெரிந்தவர் என்பதால் உள்பக்கத்தில் இரண்டு பூச்சு கூடுதலாகக் கொடுத்தார்.

மே மாத வியர்வையில் பத்தரை மணிக்குப் புள்ளி உள்ளங்கை அகலமாகிவிட்டது. வனக் காவலர்கள் பிடித்துப்போன நான்கு ஆடுகளுக்காக மனு கொண்டுவந்திருந்த ஆலங்காயத்து முனியம்மாதான் முதலில் பார்த்தாள்.

"சாமி, ஆடு கெடக்கட்டும். அந்த ஆளு வயித்துல ரத்தம் வருது!"

துரை திரும்பினார். அவர் வாத்தியார் வைத்துத் தமிழ் படித்தவர். "உன்னை யார் குத்தினார்கள்?"

"யாரும் குத்தலீங்க" என்றார் காசிநாதன், அசையாமல்.

"குத்துப்பட்டும் நிக்கறாரு பாரு!" என்று முனியம்மா வாயில் அடித்துக்கொண்டாள். "யோவ், எவன்யா அவன்? பேரைச் சொல்லுய்யா!"

துரை தன் நாற்காலியையே கொடுத்துக் காசிநாதனை உட்காரவைத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து கம்பவுண்டர் பஞ்சாட்சரம் ஓடிவந்து, பெல்ட்டைக் கழற்றி, கோட்டைத் திறந்து ஈரத்துணியால் துடைத்தார். துடைக்கத் துடைக்கச் சிவப்பு பரவியது.

"ரத்தம் இருக்குது சார்" என்றார் கடைசியில். "காயத்தைத்தான் காணோம்."

இதற்குள் டபேதாரைக் குத்திவிட்டார்கள் என்ற சேதி கடைத்தெருவுக்கு எட்டிவிட்டது. அமீர் பாஷா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார். வயிற்றைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"யா அல்லா, நம்ம சாயம்! எப்படிப் புடிச்சிருக்குது பாத்தியா டபேதார்? பத்து நாளைக்குப் போவாது!"

"பேஜார் பண்ணாதே பாய், வாயை மூடு."

"இன்னாத்துக்கு மூடணும்? ஆம்பூர்ல வேற எவன் இப்படிப் போடுவான், சொல்லு!"

பிறகு துரை கேட்காமலேயே பெல்ட் அறுந்தது முதல் பூச்சின் எண்ணிக்கை வரை எல்லாவற்றையும் விளக்கினார். துரை பெல்ட்டின் உள்பக்கத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"சாயம் என்று நீ ஏன் கூறவில்லை?"

"யாரு குத்தினதுன்னுதான் கேட்டீங்க துரை. யாரும் குத்தலைன்னு சொன்னேன்."

துரை மீசையைத் தடவியபடி வெகுநேரம் யோசித்தார். மீசையின் வலது முனை சிவந்தது. அதை அவரிடம் சொல்ல யாரும் முன்வரவில்லை.

அன்று மாலை இரண்டு உத்தரவுகளில் கையெழுத்தாயிற்று. முனியம்மாவின் ஆடுகள் திரும்பக் கிடைத்தன. கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்பவர் என்ற குறிப்போடு காசிநாதன் ஜூன் முதல் தேதியிலிருந்து நிரந்தர டபேதார் ஆனார். சென்னையிலிருந்து புதிய பெல்ட் செப்டம்பரில் வந்தது. அது கறுப்பு.