அடைத்த புகைக்கூடு

எரிவாயு விடயத்தில் மத்தியாசைக் காட்டிலும் எச்சரிக்கையான மனிதர் அந்த லயத்தில் ஒருவரும் இல்லை. கொட்டகலைக்கு மேலே, தோட்டத்தின் மேற்பிரிவான மேற்கணக்கில், எட்டுத் தொழிலாளர் வீடுகள் ஒட்டியிருக்கும் லயம் அது. சில ஆண்டுகளுக்கு முன்னர் நாட்டின் பல பக்கங்களிலும் அடுப்புகள் வெடித்த செய்திகளைக் கேட்ட நாளிலிருந்து, சிலிண்டரைச் சமையலறைக்குள் வைக்க அவர் சம்மதிக்கவில்லை. வீட்டின் பின்புறத்தில் தகரம் வேய்ந்து, அதன் கீழே நிமிர்த்தி நிறுத்தினார். ஞாயிறுதோறும் பூசைக்குப் புறப்படுமுன் சவர்க்கார நுரையைக் குழாயின் பொருத்துகளில் தடவி, குமிழி எழுகிறதா என்று மூக்குக்கண்ணாடியைச் சரித்துக்கொண்டு உற்றுப் பார்ப்பார்.

"மாமா கேஸுக்கு இந்த வாரமும் ஞானஸ்நானம் குடுத்தாச்சா?" என்று அடுத்த வீட்டுச் சீதாலெட்சுமி கேலி செய்வாள்.

அப்படிப்பட்டவர்தாம் சென்ற ஞாயிறன்று, தம் கையாலேயே, சமையலறைப் புகைக்கூட்டைப் பலகை வைத்து அடைத்தார்.

அதில் தவறேதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. விறகு எரித்த காலத்தில் புகை வெளியேறுவதற்காகக் கட்டிய கூடு அது. எரிவாயுவுக்குப் புகை ஏது? அந்தப் பக்கத்து லயங்களில் எரிவாயு வாங்கிய வீட்டார் முதலில் செய்யும் வேலையே புகைக்கூட்டை அடைப்பதுதான். அடைக்காவிட்டால் ஆடிக் காற்றும் சாரலும் அதன் வழியே இறங்கிச் சமையலறையைக் குளிர்ப்பெட்டியாக்கிவிடும். அவர் மனைவி சிசிலியும் ஒரு மாதமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"காத்து உள்ள பூந்து ஓவன் நெருப்பு அணைஞ்சு அணைஞ்சு போகுதுங்க. மேல சூடு, கீழ பச்ச மாவு. கேக்கா இது, களியா?"

அந்த ஓவன் சிசிலியின் உயிர். தோட்டத்து துரை பங்களாவில் பதினெட்டு ஆண்டுகள் சமையல் வேலை செய்தவள் அவள். மேலே நான்கு அடுப்புகளும் கீழே ஓவனுமாக இருந்த அதைப் பழையதென்று பங்களாவில் கழித்துவிட்டபோது, கேட்டு வாங்கிக்கொண்டாள். கொட்டகலைக் கடைத்தெருவில் பிறந்தநாள் என்றாலும் கலியாணம் என்றாலும் சிசிலியின் பட்டர் கேக் இல்லாமல் முடியாது என்ற பேரை இரண்டே ஆண்டில் சம்பாதித்தாள். பங்களாச் சமையலறையில் கூரை இரண்டு ஆள் உயரம், ஜன்னல்கள் நான்கு. லயத்துக் காம்பரா அறையில் ஒரே ஜன்னல். அதன் இடுக்குகளையும் மத்தியாஸ் சென்ற ஞாயிறன்றே பசை வைத்துப் பூசினார்.

சனிக்கிழமை காலை பத்தரை மணியிருக்கும். ஹற்றனில், சிதம்பரநாதன் முதலாளியின் இரும்புக் கடையில், மத்தியாஸ் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். எரிவாயு அடுப்புகள் பொருத்தும் கஜேந்திரன் வந்து, சுவரில் பதிக்கும் காற்றுக் கம்பிவலை இரண்டு கேட்டான்.

"எதுக்குப்பா ரெண்டு? ஒரு ஜன்னல் தொறந்தா போதாதா?"

"இந்தக் குளிர்ல யாருண்ணே ஜன்னலைத் தொறக்கிறாங்க? அக்கரப்பத்தனையில ஒரு வீடு. கேஸ் வந்ததும் புகைக்கூட்டை அடைச்சுப்புட்டாங்க. வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு வாரமா தலையிடி, மயக்கம். பேய் புடிச்சிருக்குன்னு மந்திரிக்கப் போயிருக்காங்க." கஜேந்திரன் சிரித்தான். "பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. கேஸ் எரியவும் காத்து வேணும்ணே. பத்தலைன்னா அரைகுறையா எரிஞ்சு நஞ்சாகிடும். லீக் ஆனா நாத்தம் காட்டிக்குடுக்கும். இதுக்கு நாத்தமும் இல்ல, புகையும் இல்ல. தூக்கம் வர்ற மாதிரி வரும்."

மத்தியாஸின் கையிலிருந்த ஆணிகள் தட்டில் விழுந்தன.

"நெருப்பு எப்படி எரியும்?"

"நீலமா எரிய வேண்டியது மஞ்சளா எரியும். சட்டி அடியெல்லாம் கரி புடிக்கும்."

மூன்று நாளுக்கு முன், புதன்கிழமை, சிசிலி தேநீர்க் கேத்தலின் அடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "விறகடுப்புல வச்ச மாதிரி கரி" என்று முணுமுணுத்தாள். வியாழன் மாலை தலையைத் துண்டால் இறுகக் கட்டியிருந்தாள். பனி ஏறியிருக்கும் என்று சொல்லி அவரே தைலம் தேய்த்துவிட்டார். அது ஒரு கேக் சுட்ட நாள். இன்றைக்கோ மூன்று. நாளைக்குக் கோயிலில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை. விடிந்ததும் ஓவனை மூட்டிவிட்டாள்.

தொலைபேசியில் அழைத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மாவுக் கையோடு இருந்தால் அவள் எடுக்கமாட்டாள், அது வழக்கம்தான். மறுபடி அழைத்தார். மூன்றாம் முறையும் அழைத்தார். சீதாலெட்சுமியின் எண்ணுக்கு முயன்றார். அவள் கொழுந்து பறிக்கும் மலையில், தொடர்புக்கு எட்டாத இடத்தில் இருந்தாள். இந்நேரத்தில் லயமே வெறிச்சோடிக் கிடக்கும்.

"மொதலாளி, நான் வீட்டுக்குப் போகணும்."

"சனிக்கிழமையா? ஆள் குமிஞ்சு நிக்கிது, தெரியலையா?" சிதம்பரநாதன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யாருக்கு என்னா?"

"ஓவன் எரியுதுங்க."

"ஓவன்னா எரியத்தானே செய்யும்?"

மத்தியாஸ் அதற்குள் செருப்பை மாட்டத் தொடங்கியிருந்தார். அவர் கேட்ட கேள்விகளிலிருந்தே புரிந்துகொண்ட கஜேந்திரன்தான் விடயத்தை இரண்டு சொல்லில் சொன்னான். முதலாளி தராசை எட்டித் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, "குடையை எடுத்துக்கிட்டுப் போ" என்றார். மத்தியாஸ் குடையை எடுக்கவில்லை.

கொட்டகலை வழியாகத் தலவாக்கலைக்குப் போகும் பேருந்து நின்றிருந்தது. ஏறி நின்றார். அது நகரவில்லை. நடத்துநன் படியில் நின்று, "இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட" என்று சிங்களத்தில் கத்தி எல்லாரையும் முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். லீக்ஸ் மரக்கறி மூட்டைகளோடு வந்த ஒருவர் மூட்டைக்கும் பயணச்சீட்டா என்று சண்டை பிடித்தார். ஒருவாறு புறப்பட்டால், பாதி வழியில் மண்மேடு சரிந்து ஒற்றைப் பாதை. எதிர்ப்பக்கத்து வாகனங்கள் அனைத்தும் கடக்கும்வரை காத்து நிற்க வேண்டியதாயிற்று. மத்தியாஸ் மனத்துக்குள் ஒரு செபம் தொடங்கினார். பாதியில் எங்கே விட்டோம் என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பலகையின் விளிம்பில் காற்று கசியாதபடி உரச்சாக்கைக் கிழித்துச் செருகியதும், அவள் சுவரோரம் கையை வைத்துப் பார்த்து, "இப்பத்தான் வீடு வீடா இருக்கு" என்றதும், அதைக் கேட்டுத் தாம் மகிழ்ந்ததும் நினைவில் எழுந்தன.

"ஐயா, உக்காருங்க. இடம் இருக்கு" என்றாள் ஒரு பெண். அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேருந்து இன்னும் மெதுவாகப் போகும் என்பதுபோல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கொட்டகலையில் இறங்கியதும் திலக்ஷனின் ஆட்டோவில் பாய்ந்து ஏறினார். அவருடைய மேற்கணக்கையே சேர்ந்த இளைஞன் அவன்.

"என்னா மாமா, கேக் எடுக்கவா இந்த ஓட்டம்?"

"வேகமா போ. சிசிலி போன் எடுக்கல."

அவன் கைப்பிடியை முறுக்கினான். தோட்டத்துப் பாதையின் குழிகளில் ஆட்டோ துள்ளித் துள்ளி ஏறியது. மாரியம்மன் கோயிலடியில் பாதை முடிந்துவிடும், மேலே படிகள். ஐம்பத்து மூன்று வயது மத்தியாஸ் இரண்டிரண்டு படியாகத் தாண்டினார். திலக்ஷன் பின்னால் ஓடிவந்தான்.

கதவு உட்புறம் தாழிட்டிருந்தது. கதவடியில் கோணிச் சாக்குச் சுருட்டொன்று செருகியிருந்தது. தட்டினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உள்ளே ஓர் அசைவும் இல்லை. "நீ தோளால இடி" என்று திலக்ஷனிடம் சொல்லிவிட்டுப் பின்புறம் ஓடிச் சிலிண்டரின் திருகை மூடினார். அவர் திரும்புவதற்குள் தாழ்ப்பாள் பெயர்ந்து கதவு திறந்திருந்தது.

உள்ளே வெண்ணெயும் வனிலாவும் மணத்தன. வேறு மணமே இல்லை. சிசிலி மாவுத் தகரத்தில் சாய்ந்து தரையில் கிடந்தாள். முகம் என்றுமில்லாதபடி சிவந்திருந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன. வெளிச்சம் பட்டதும் உதடு அசைந்தது.

"கதவைச் சாத்துங்க. கேக் அமுங்கிரும்."

மத்தியாஸ் அவளை அக்குளில் கைகொடுத்து இழுத்தார். திலக்ஷன் கால்களைத் தூக்கினான். இஸ்தோப்புத் திண்ணையில், சாரல் அடிக்கும் இடத்தில் கிடத்தினார்கள். குளிர்காற்று முகத்தில் மோதியதும் ஒருமுறை ஆழமாக மூச்சிழுத்தாள். பின்பு வாந்தி எடுத்தாள். வாந்தியைக் கண்டு கடவுளுக்கு நன்றி சொன்னது மத்தியாஸுக்கு வாழ்நாளில் அதுவே முதன்முறை.

திலக்ஷனின் ஆட்டோவிலேயே கொண்டுபோன வைத்தியசாலையில் அவளுக்கு ஒட்சிசன் முகமூடி மாட்டினார்கள். வைத்தியர் சிங்களத்தில் கேட்டதைத் தாதி சுதர்ஷினி தமிழில் கேட்டாள்.

"வீட்டுல காத்துப் போக வழி இருக்குங்களா ஐயா?"

"இருந்துச்சு. நான்தான் அடைச்சேன்."

சுதர்ஷினி நிமிர்ந்து பார்த்துவிட்டு, குற்றம் சொல்லாத குரலில், "எங்க அப்பாவும் அடைச்சுத்தான் வச்சிருக்காரு" என்றாள். எழுதிக்கொண்டிருந்த தாளைக் கீழே வைத்துவிட்டு, தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

பிற்பகல் மூன்று மணிக்குச் சிசிலி தெளிவாகக் கண்விழித்தாள். முகமூடியைச் சற்றே விலக்கினாள்.

"கேக்கை எடுத்தீங்களா?"

"கேஸை நிறுத்திட்டேன்."

"அப்ப மூணும் போச்சு. அந்தப் புள்ளைங்களுக்கு என்னா சொல்றது?"

"சிசிலி, நான் பலகை அடிச்சதுதான் உன்னை..." அவர் முகமூடியை மறுபடி அவள் மூக்கில் பொருத்தப் போனார்.

"அடிக்கச் சொன்னது யாரு? நான்தானே. கதவுக்குச் சாக்கு வச்சதும் நான்தான்." முகமூடியை ஒருமுறை வைத்து மூச்சிழுத்தாள். "பத்து மணிக்கே கால் தள்ளாடுச்சுங்க. எந்திரிச்சு வெளிய போவோம்னுதான் நெனச்சேன். கதவைத் தொறந்தா கேக் அமுங்குமேன்னு உக்காந்துட்டேன். பாருங்களேன் புத்தியை."

புதுநன்மைப் பிள்ளைகளுக்குக் கடைக் கேக்தான் வாய்த்தது. திங்களன்று கஜேந்திரன் வந்து பலகையையும் ஜன்னல் பசையையும் பெயர்த்தான். மழை இறங்காதபடி புகைக்கூட்டின் தலையில் தகரத் தொப்பி வைத்தான். சுவரின் அடியில் கம்பிவலை பதித்தான். ஓவனின் அடித்தட்டைக் கழற்றியபோது, அதில் ஒரு வெள்ளித்தாள் விரித்திருந்தது. மாவு சிந்தினால் துடைக்க எளிதாயிருக்கும் என்று சிசிலி விரித்தது.

"அக்கா, இந்த ஓட்டையெல்லாம் சும்மாவா வச்சிருக்கான்? நெருப்புக்குக் காத்துப் போற வழி இது. தாளை விரிச்சு அதையும் மூடிட்டீங்க."

"சுத்தமா வச்சிருக்கத்தானே விரிச்சேன்."

"சூடு ஆறினதும் ஈரத்துணியால துடைங்க. போதும். பத்த வைக்கிறதுக்கு முந்தி ஜன்னலைத் தொறங்க."

தீத்துளைகளில் அடைந்திருந்த கரியை ஊசியால் குத்தி எடுத்தான். மத்தியாஸ் ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது, "அண்ணே, பரீட்சையா வைக்கப்போறாங்க?" என்றான் கஜேந்திரன்.

அடுத்த சனிக்கிழமை, கடைத்தெருவில் ஒரு பிறந்தநாளுக்காகச் சிசிலி மறுபடி ஓவனை மூட்டினாள். கதவும் ஜன்னலும் திறந்திருந்தன. கம்பளிச் சட்டைமேல் சட்டை போட்டு, தலையில் துவாய் சுற்றி, நடுங்கிக்கொண்டு மாவு கலக்கினாள். மத்தியாஸ் கடைக்குப் போகும் உடையில் வாசலில் நின்றார். உள்ளே வந்து பார்த்தார். வெளியே போனார். மறுபடி வந்து குனிந்து பார்த்தார்.

"என்னா, ஓவனுக்குள்ளயே குடியிருக்கப் போறீங்களா? எட்டு மணி பஸ் போயிருச்சு."

"அடுத்ததுல போறேன்."

"அதையும் விட்டுட்டு அடுத்ததுன்னுவீங்க. நீங்க இப்படி வந்து வந்து குனிஞ்சா எனக்கு முட்டை எத்தனைன்னு மறந்து போகுது. போங்க."

போனார். கோயிலடிவரை நான்கு முறை திரும்பிப் பார்த்தார். பேருந்தில் ஏறி, அன்றும் உட்காராமல், சட்டைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார், இப்போதுதானே வந்தோம் என்று உள்ளே வைத்தார், மறுபடி எடுத்தார். எண்ணை அழுத்துவதற்குள் அதுவே அடித்தது.

"நான்தான்" என்றாள் சிசிலி. "கதவு தொறந்துதான் கெடக்கு. சீதாலெட்சுமி வீட்டு நாயி உள்ள வந்து பட்டர் தாளை நக்கிட்டுப் போயிருச்சு. போதுமா? உக்காந்து போங்க."

மத்தியாஸ் சுற்றுமுற்றும் பார்த்து, ஜன்னலோரத்து இருக்கையொன்றில் மெல்ல உட்கார்ந்தார்.