பிரிட்ஜில் வாசிக்காதே

பாட்டைப் பதிந்துகொண்டிருந்த மூன்றாவது மெழுகுத் தட்டும் பாழானது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்த ஒலிப்பதிவாளர் கெஸ்லர் சிவப்பு விளக்கை அணைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். பிப்ரவரி மாதம், நியூயார்க் தெருவெல்லாம் பனி. மெழுகு இறுகிவிடக் கூடாது என்று ஸ்டுடியோவை மட்டும் அடுப்பாக்கி வைத்திருந்தார்கள். வியர்வையில் என் டபுள் பாஸ் வாத்தியத்தின் கழுத்து கைக்கு வழுக்கியது.

அது அன்று காலை பிறந்த பாட்டு. தாளில் எதுவும் இல்லை. ஓக்லஹோமாவிலிருந்து வந்த லான்சோ டீக் தன் மின்சாரக் கிட்டாரில் கண்டெடுத்த ஏழு சுர ரிஃப் என்ற சின்ன மெட்டுத் துணுக்குதான் மொத்தமும். திரும்பத் திரும்ப அதையே வாசித்தால் போதும், கால் தானாகத் தாளம் போடும். முதல் இரண்டு பகுதியிலும் ரிஃப். மூன்றாவது வேறு பக்கம் திரும்பும். அதை பிரிட்ஜ் என்போம். அங்கே ஆல்வா ப்ரூயிட்டின் கிளாரினெட் தனியாகப் பாட வேண்டும். கடைசியில் மறுபடி ரிஃப். குழு ஆல்வாவுடையது, எனவே பிரிட்ஜும் அவருடையது.

லான்சோ அங்கேயும் சுரத்தைக் கொஞ்சம் நகர்த்தி ரிஃபை விடாமல் வாசித்துக்கொண்டிருந்தான்.

"டேய் ஓக்லஹோமா, எத்தனை தடவைடா சொல்றது? பிரிட்ஜ்ல வாசிக்காதே!" என்று கத்தினார் ஆல்வா.

"வாசிக்கலையே சார்."

"வாசிக்கலையா? அப்ப என் காதுல விழுந்தது என்ன, உங்க ஊர் மாடா?"

"மாட்டுக்கும் ஆம்ப்ளிஃபையர் வாங்கிக் குடுத்துட்டாங்க போல," என்றான் டிரம்ஸ்காரன் ரூயல்.

"இன்னும் ஒரே ஒரு தட்டுதான் சூடா இருக்கு. அடுத்த குழு வாசல்ல நிக்குது," என்றார் கெஸ்லர்.

ஆல்வா கிளாரினெட்டை லான்சோவின் மூக்குக்கு நேரே நீட்டினார். "இதையும் கெடுத்தே, சாயந்திரமே உன்னை ஊர் பஸ்ல ஏத்திடுவேன். பழைய கிட்டார்காரனையே கூப்பிட்டுக்கறேன். அவன் வாசிக்கிறது யாருக்கும் கேக்காது, ஆனா சொன்னா கேப்பான்."

இருபத்தொரு வயதுப் பையன், ஊரை விட்டு வந்து ஐந்து வாரம். அவன் ஆம்ப் என் காலடியில்தான் இருந்தது. அதன் ஓசை ஒவ்வொரு முறையும் மாறியதைக் கவனித்திருந்தேன். முதலில் தகரம்போல, பிறகு மென்மையாக, மூன்றாம் முறை வெண்ணெய்போல. எனக்கும் பொறுமை போய்விட்டது. அவனை ஓரமாக இழுத்தேன்.

"வேணும்னே பண்றியாடா?"

"அண்ணே, நான் என்னதான் செய்ய? முதல்ல பிரிட்ஜ்கிட்ட வாசிச்சேன், ஒத்துக்கறேன். திட்டினதும் கையை நடுவுக்குத் தள்ளினேன். மறுபடி திட்டினாரு, கழுத்துக்கே வந்துட்டேன். இன்னும் தள்ளிப் போகணும்னா கதவுக்கு வெளியிலதான் நிக்கணும்."

கிட்டாரைத் திருப்பிக் காட்டினான். கம்பிகள் ஏறி நிற்கும் சின்ன மரத்துண்டு. கிட்டார்காரர்களுக்கு அதுவும் பிரிட்ஜ்.

"பாட்டோட மூணாவது பகுதிக்கு உங்க ஊர்ல என்னடா பேரு?"

"சேனல்."

எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. ஒரு சொல்லுக்கு மூன்று தட்டு. "சேனல்ல சும்மா இரு," என்றேன்.

"அவ்வளவுதானா? இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

ஆல்வாவிடம் விளக்க நேரமில்லை. சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது.

பிரிட்ஜ் வந்தது. லான்சோ கம்பியிலிருந்து கையை எடுத்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டான். ஆல்வா மூச்சிழுத்து ஊதினார். காலையிலிருந்து காதில் ஏறியிருந்ததுதான் அவர் குழலிலிருந்து வந்தது: லான்சோவின் ரிஃப். ஒரு முறை, இன்னொரு முறை. அவர் கண்கள் விரிந்தன. மெழுகு சுழன்றுகொண்டிருந்தது, நிறுத்த வழியில்லை. பாதியைத் தாண்டித்தான் தன் வழிக்கு வந்தார்.

விளக்கு அணைந்தது.

"பிரமாதம், இதை வெளியிட்டுடலாம்," என்றார் கெஸ்லர். "ஆமா, பிரிட்ஜ்ல ரிஃப் வாசிச்சது யாரு?"

"சத்தியமா நான் இல்லை சார்," என்றான் லான்சோ.

ரூயல் சிரிப்பை மறைக்க டிரம்ஸுக்குப் பின்னால் குனிந்துகொண்டான். ஆல்வா கிளாரினெட்டைக் கழற்றித் துண்டு துண்டாகப் பெட்டியில் வைத்தார்.

"நாளைக்கு ஒத்திகை பத்து மணிக்கு," என்றார் லான்சோவிடம், அவனைப் பார்க்காமல். "பத்துன்னா பத்து."