பெரிய வெள்ளியில் காதுகுத்து

மாமன் மடி இல்லாமல் காதுகுத்து இல்லை. சிறுவாச்சூர் கோயில் வாசலில் ஆசாரி ஊசியைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். என் மகன் அதைப் பிடுங்கப் பார்த்தான். என் அண்ணனை மட்டும் காணோம். எல்லாம் என் வீட்டுக்காரர் திருமுருகன் செய்த வேலை. மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். காலண்டரில் ஒரு வெள்ளி சிவப்பாகத் தெரிந்ததும், லீவு போட வேண்டாமே என்று மனுஷன் பத்திரிகையே அடித்துவிட்டார். ஏன் சிவப்பு என்று பார்க்க வேண்டாமா? பெரிய வெள்ளி! ஏலாக்குறிச்சி மாதா கோயில் நிழலில் வளர்ந்த நானும் பத்திரிகையைக் கையில் வாங்கிய பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அண்ணன் அடைக்கலராஜ் வந்துவிட்டார். துக்க நாள் என்பதால் பழைய சட்டை. கையில் சீர்த்தட்டு மட்டும் பளபளவென்று இருந்தது. மகனை மடியில் வாங்கிக்கொண்டார். மொட்டை போட்டு, இரண்டு காதும் குத்தியாயிற்று. பையன் ஊரைக் கூட்டிக் கத்தினான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மதம் மாறிக் கட்டிக்கொண்டேன் என்று என் கல்யாணத்துக்கே வராத அண்ணன் அவர்.

பந்தியில்தான் வம்பு. பெரிய வெள்ளி ஒருசந்தி. சாயங்காலம்வரை அண்ணன் எதுவும் சாப்பிட மாட்டார். சீர் கொண்டுவந்த மாமன் கை நனைக்காமல் போனால் என் புகுந்த வீட்டில் அதைவிட அவமானம் கிடையாது. இந்த உறவு மறுபடியும் அறுந்துவிடுமோ என்று பயந்தேன். நாத்தனார் தேவயானிக்கு வாய் கொஞ்சம் நீளம். பொங்கல் வாளியோடு நேராக அண்ணனிடம் வந்தார்.

"ஏங்க, எங்க வூட்டுச் சோறு உங்களுக்கு எறங்காதா?"

"அய்யோ, அப்படியில்லீங்க. இன்னைக்கு ஒருசந்தி. கோயில் முடிஞ்சுதான் சாப்புடுவேன்."

நாத்தனார் என் பக்கம் திரும்பினார். "ஏன் ஜோதி, முன்னாடியே சொல்றதுக்கென்ன? சண்டைக்கு வந்துருவேன்னு நெனச்சியா?"

அப்படித்தான் நினைத்தேன்.

"சரி, நானும் சாப்புடல. வாளிய வேன்ல ஏத்துங்க. இவங்க கோயில் முடிஞ்சதும் அங்கேயே ஒண்ணா உக்காந்து சாப்புடுவோம்."

சாயங்காலம் ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் சிலுவையை முத்தமிட நீண்ட வரிசை. நாத்தனார் என் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணனுக்கு முன்னால் நின்றார். முறை வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் பிள்ளையின் தலையைச் சிலுவையின் பாதத்தில் கொண்டுபோய் வைத்தார். மொட்டையில் பூசியிருந்த சந்தனம் அப்படியே அப்பிக்கொண்டது. பதறி முந்தானையால் துடைக்கப் போனார்.

"இருக்கட்டுங்க," என்றார் அண்ணன். மண்டியிட்டு, அந்தச் சந்தனத்தின் மேலேயே முத்தமிட்டார்.