எறும்பு இறங்கும் இடம்

அந்தக் கார்ட்டூன் படத்தில் அவள் வரைந்தது ஒரே ஒரு காட்சி. வண்டிச் சக்கரத்தின் விளிம்போரம் தொற்றிக்கொண்டு வரும் எறும்பு, ஓடும்போதே தரையில் இறங்கி வீட்டுக்குப் போக வேண்டும். அதையும் மதியம் வெட்டிவிடப் போவதாக இயக்குநர் சொல்லிவிட்டார். "இந்த வேகத்துல இறங்கினா எறும்பு தூள்தூளாப் போயிடும்மா. குழந்தைகூட நம்பாது."

காலையில்தான் அவர் மழையோடு மழையாகச் சைக்கிளை நடைக்குள்ளேயே ஓட்டி வந்து, கூட்டுகிற அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த எரிச்சலை நம் தலையில் இறக்குகிறாரோ என்று அவள் மனசுக்குள் கறுவினாள். ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை, பாவம். திரையில் எறும்பு தரையைத் தொடும்போதுதான் தலைதெறிக்கப் பறந்தது.

பக்கத்து மேசையில் நிரல் எழுதும் தம்பி எட்டிப் பார்த்தான். "அக்கா, உன் வண்டி முன்னாடி போகுது, சக்கரம் பின்னாடி சுத்துதே."

"வாயை மூடிட்டு உன் வேலையைப் பாரு."

சொல்லிவிட்டாளே தவிர உள்ளே சுருக்கென்றது. எறும்பை நகர்த்தும் சமன்பாட்டைத் திறந்தாள். x = r(t + sin t). அட மண்டு, கூட்டலா போட்டு வைத்திருக்கிறாய் என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டு, கூட்டலைக் கழித்தலாக்கினாள். உயரத்துக்கான y = r(1 − cos t) சரியாகவே இருந்தது. எறும்பின் தடத்தைக் கோடாக வரையவிட்டாள்.

அவ்வளவுதான், அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வளைந்து வளைந்து போன கோடு, தரைக்கு வரும்போதெல்லாம் கூராக முடிந்து மறுபடி எழுந்தது. அந்தக் கூர்முனையில் எறும்பின் வேகம் சுத்தமாகப் பூஜ்யம். வண்டி என்ன வேகத்தில் ஓடினால் என்ன, தரையைத் தொடும் கணத்தில் எறும்பு நிற்கிறது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அவள் கூப்பிட்டுக் காட்டிய கோட்டைப் பார்த்து இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார். "கணக்கு ஆயிரம் சொல்லும். ஓடுற சக்கரத்துல ஒரு இடம் மட்டும் எப்படிம்மா நிக்கும்? கண்ணு நம்பணுமே."

அவரை விடாப்பிடியாக நடைக்கு அழைத்துப் போனாள். காலைச் சேறு தரையில் காய்ந்து கிடந்தது.

"இது உங்க டயர் பதிஞ்ச தடம்தானே சார்? ஒவ்வொரு கட்டமும் அச்சு அசலா இருக்கு பாருங்க. தரையில பட்டப்போ டயர் நகர்ந்திருந்தா எல்லாம் இழுவிப் போயிருக்குமே. நின்னு, அச்சு வெச்சுட்டுத்தான் எழுந்து போயிருக்கு." மூச்சு வாங்கியது அவளுக்கு.

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கூட்டுகிற அம்மா வாளியும் துடைப்பானுமாக வந்து நின்றாள்.

"கொஞ்சம் இருங்கம்மா, துடைச்சிடாதீங்க" என்றவர், தலை நிமிராமலே இவளிடம் சொன்னார்: "காட்சி இருக்கட்டும். ஆனா எறும்பு ஏன் இப்படிப் பதறிக் குதிக்குது? அந்த நொடியில அதுக்கு நின்ன வண்டிதானே, சாவகாசமா இறங்கட்டும்."